கூட்ட அறைக்கு புரொஜெக்டரா, பெரிய டிவியா, ஸ்மார்ட் போர்டா?

செங்கோட்டை, புளியரை பக்கம் சவுண்ட், எலக்ட்ரிக்கல் வேலை பாக்கேன். போன மாசம் பக்கத்துல ஒரு பேரூராட்சியில கூட்ட அறை புரொஜெக்டரை மாத்தணும், என்ன வாங்கலாம்னு கேட்டாங்க. அங்க போய் அளந்து பாத்ததுல தெரிஞ்சத எழுதுதேன், உங்க ஊர்லயும் இதே பேச்சு ஓடுனா உதவும்.

மொதல்ல அந்த ரூம். நீளம் 24 அடி, மேற்கால மூணு பெரிய ஜன்னல், சுவரு பழைய சுண்ணாம்புக் காரை. படம் தெரியணும்னா ஜன்னலை சாத்தி லைட்டை அணைக்கணும், அணைச்சா கையில இருக்கிற அஜெண்டா பேப்பரை படிக்க முடியாது. நான் இருந்த அன்னைக்கு தெருவிளக்கு எஸ்டிமேட்டை திரையில போட்டாங்க, கடைசி வரிசையில ஒரு கவுன்சிலர் அக்கா ரெண்டு தடவை எந்திரிச்சு முன்னால வந்து பாத்துட்டு போனாங்க, மூணாவது பக்கத்துக்கு வரல, அப்படியே சம்மதம்னு கைய தூக்கிட்டாங்க. எனக்கு அது மனசுல தங்கிருச்சு. ஓட்டு போட்டு அனுப்பின ஜனங்க காசு அது, என்ன எழுதிருக்குன்னு பாக்காம ஏன் கைதூக்கணும்?

லாம்ப் புரொஜெக்டரை, அதாவது உள்ள பல்பு வச்ச பழைய மாதிரியை, திரும்ப வாங்காதீங்க. விலை கம்மிதான், ஆனா லாம்ப் ஆயுசு சுமாரா 4000 லேர்ந்து 6000 மணி நேரம், அதுவும் கொஞ்சம் கொஞ்சமா மங்கிக்கிட்டே வரும், யாருக்கும் தெரியாது. நம்ம பக்கம் சாரல் நேரத்துல காத்தடிச்சா கரண்ட் போயிரும், லாம்ப் கொதிச்சிட்டு இருக்கும்போதே ஃபேன் நின்னுரும், அதுல ஆயுசு இன்னும் குறையும். ஈரத்துல லென்ஸ்ல பூஞ்சை புடிக்கிறது தனி.

லேசர் புரொஜெக்டர் அப்படி இல்ல, 20,000 மணி நேரம்னு கம்பெனிக்காரங்களே போடுதாங்க, சுவிட்ச் போட்டதும் எரியும். 120 இஞ்ச் திரை போட்டா 29 அடி வரைக்கும் எழுத்து படிக்கலாம், அதனால பெரிய ஹாலுக்கு, நூறு பேர் உக்கார்ற இடத்துக்கு இதுதான் சரி. ஆனா எந்த புரொஜெக்டரா இருந்தாலும் கறுப்புன்னு ஒண்ண அதால உண்டாக்க முடியாது, திரை மேல விழுற வெளிச்சத்தை விட இருட்டா எதையும் காட்டாது. மேற்கு ஜன்னல் இருக்கிற ரூம்ல சாயங்கால கூட்டம்னா எழுத்து வெளிறிப் போயிரும்.

டிவிக்கு அந்தப் பிரச்சினை இல்ல, லைட் எரியட்டும், ஜன்னல் திறந்தே இருக்கட்டும். ஆனா அளவுல ஏமாந்துராதீங்க. படத்தோட உயரம் எவ்வளவோ அதை ஆறால பெருக்குங்க, அதுக்கு மேல தூரத்துல உக்காந்தா படிக்க கஷ்டம். டிவி இஞ்ச்ங்கிறது மூலைக்கு மூலை அளவு, உயரம் இல்ல; கணக்குப் போட்டா 65 இஞ்ச்சுக்கு 16 அடி, 75க்கு 18 அடி, 86க்கு 21 அடி. நம்ம ரூம் 24, அப்போ 86 வாங்குனாலும் அந்த அக்காவுக்குத் தெரியாது. அதனால நான் சொன்னது ரெண்டு 65, ஒண்ணு முன்னால, ஒண்ணு நடுவுல பக்கவாட்டுல, ஒரு வயரை ரெண்டா பிரிக்கிற ஸ்பிளிட்டர் பெட்டி போட்டு ரெண்டுலயும் ஒரே படம். நான் விசாரிச்ச வரைக்கும் ஒரு 86 விலையை விட இது கம்மியாவே வருது, ஒண்ணு ரிப்பேரானாலும் கூட்டம் நிக்காது.

ஸ்மார்ட் போர்டு, அதாவது விரலால தொட்டு எழுதுற பெரிய திரை, அது மேலதான் தலைவருக்கு ஆசை, ஸ்கூல்ல பாத்துட்டு கேக்காங்க. வாத்தியாருக்கு அது அருமையான சாமான், மனைப்பிரிவு வரைபடத்துல விரலால கோடு போட்டு காட்டவும் நல்லாத்தான் இருக்கும். ஆனா மாசம் ஒரு கூட்டத்துல யாரு எழுதப் போறா? 75 இஞ்ச்சே 50 கிலோவுக்கு மேல, சுண்ணாம்புச் சுவருல ஆங்கர் போல்ட் நிக்காது, சக்கரம் வச்ச ஸ்டாண்டுதான் வேணும். (டிவிக்கும் அந்தச் சுவருல ஸ்டாண்டே நல்லது.)

இன்னொண்ணு, இதை யாரும் சொல்லுறதில்ல. தமிழக அரசு 2010லயே யூனிகோடுதான்னு (எல்லா மெஷின்லயும் தெரியுற பொது எழுத்து முறை) ஆணை போட்டாலும் ஆபீஸ்ல பழைய ஃபைல் நிறைய வானவில்ங்கிற பழைய தமிழ் ஃபாண்ட்ல இருக்கு, அந்த ஃபாண்ட் இல்லாத மெஷின்ல அது சரியா தெரியாது. பென் டிரைவை நேரா டிவியிலயோ போர்டுலயோ சொருகுனா புரியாத எழுத்தா வரும். ஃபாண்டோட சேத்து பிடிஎஃப் ஆக்கி வையுங்க, இல்லன்னா லேப்டாப்லேர்ந்தே போடுங்க. லேப்டாப்லேர்ந்து திரைக்கு படம் கொண்டு போற எச்டிஎம்ஐ வயரு 10 மீட்டர் தாண்டுனா சாதா வயரு தகராறு பண்ணும், அங்க ஆப்டிகல் வயரு எடுங்க.

எஸ்டிமேட் பழசா இருந்தா வரியைப் பாருங்க, பெரிய டிவி, புரொஜெக்டர் ரெண்டுக்கும் 28 சதவீதம் இருந்த ஜிஎஸ்டி 22 செப்டம்பர் 2025லேர்ந்து 18 ஆயிருச்சு. மிச்சப்படுற காசுல மேசை மைக் நாலு வாங்குங்க, பின்னாடி உக்கார்றவங்க பேசுறதும் தலைவர் காதுல விழணும்ல. வாரண்டி ஆன்சைட், அதாவது ஆளு இங்க வந்தே ரிப்பேர் பாக்கணும்னு டெண்டர்லயே எழுதிருங்க, 65 இஞ்ச் டிவியை ஆட்டோல வச்சு திருநெல்வேலிக்கு கொண்டு போக முடியாது.

டெண்டர் இன்னும் போகல. அடுத்த கூட்டத்துக்கு எங்கிட்ட இருக்கிற வாடகை டிவி ரெண்டை கொண்டு போய் வச்சு, அதே தெருவிளக்கு எஸ்டிமேட்டை போட்டு காட்டுறதா சொல்லிருக்கேன். அந்த அக்காவை கடைசி நாற்காலியிலயே உக்காரச் சொல்லணும்.