‘ஸ்கார்ஃபேஸ்’ வட்டு வாங்குவோர் கவனத்திற்கு

இணையச் சந்தைத் தளம் ஒன்றில் ‘அசல் புளூ-ரே, வெட்டப்படாத முழுப் படம், 170 நிமிடங்கள்’ என்று விற்பனையாளர் ஒருவர் போட்டிருந்ததை நம்பி, 1983-இல் வெளிவந்த ‘ஸ்கார்ஃபேஸ்’ என்ற அமெரிக்கப் படத்தின் வட்டை 1,850 ரூபாய்க்கு வாங்கி ஏமாந்துவிட்டேன். அந்தப் படத்தைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வட்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. அடிப்பக்கம் ஊதா நிறத்தில் இருந்தது. கணினியில் பதிந்து எடுக்கும் சாதாரண டிவிடி அது. ஓடவிட்டால் படம் 2 மணி 18 நிமிடத்தில் முடிந்துவிட்டது. அகலத்திரைக்காக எடுக்கப்பட்ட படத்தின் இரு ஓரங்களையும் நறுக்கிப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் சதுரத்துக்குள் அடைத்திருந்தார்கள். வசைச்சொல் வரும் இடங்களில் எல்லாம் வேறு யாரோ ஒருவரின் குரல் ஒலித்தது.

பணம் போனதைவிட என்னை அதிகம் வருத்தியது படத்தின் நாயகன் அல் பச்சினோவுக்கு நேர்ந்த அநியாயம்தான். 1980-இல் கியூபாவின் மேரியல் துறைமுகத்திலிருந்து படகுகளில் அமெரிக்கா வந்து சேர்ந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் ஒருவனாக அவருடைய டோனி மோன்டானா அறிமுகமாகிறான். அந்த நடிப்பை மிகை என்று சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். மிகைதான், ஆனால் அது படிப்படியாக ஏறும் மிகை. விடுதிக் குளியலறையில் டோனியின் கூட்டாளியை எதிராளிகள் இயந்திர ரம்பத்தால் அறுக்கும் காட்சியில் இயக்குநர் பிரையன் டி பால்மா ரம்பம் உடலில் படுவதை ஏறக்குறையக் காட்டவே இல்லை. கட்டிப்போடப்பட்ட டோனியின் முகத்தைத்தான் காட்டுகிறார். இரத்தம் தெறித்த அந்த முகத்தில் கெஞ்சல் இல்லை, வெறுப்பு மட்டுமே இருக்கிறது. பின்னால் உணவகத்தில் குடிபோதையில் கனவான்களைப் பார்த்து அவன் கத்துவதற்கும், இறுதியில் கொக்கெயின் குவியலில் முகம் புதைத்து எழுந்து துப்பாக்கியோடு மாடிப்படியில் நிற்பதற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. எனக்கு வந்த வட்டில் அந்த ரம்பக் காட்சி அடியோடு இல்லை. வேரை வெட்டிவிட்டுக் கிளைகளை மட்டும் காட்டினால், காரணமே இல்லாமல் ஒருவர் தொண்டை கிழியக் கத்துவதாகத்தான் தோன்றும். முதன்முறையாகப் பார்த்த என் தம்பியும் “இவருக்கா அண்ணா இவ்வளவு பேர்?” என்று கேட்டான். உழைத்து உருவாக்கிய அந்தக் கியூபா உச்சரிப்பு, அயல் குரலால் வாக்கியத்துக்கு வாக்கியம் அறுபடும்போது நான் அவனுக்கு என்ன பதில் சொல்ல முடியும்? அமெரிக்கத் தணிக்கையில் முதலில் எக்ஸ் சான்று (பெரியவர்களுக்கு மட்டும்) கிடைத்த பிறகு, மேல்முறையீடு செய்து போராடி ஆர் சான்றோடு (சிறுவர்கள் பெரியவர் துணையோடு பார்க்கலாம்) வெளிவந்த படம் இது என்பதையும் நினைக்கும்போது வேதனை கூடுகிறது.

விற்பனையாளரிடம் கேட்டதற்கு, ஐரோப்பிய முறைப் பதிவில் படம் வேகமாக ஓடுவதால் நேரம் குறையும் என்று பதில் வந்தது. இந்தப் பதிலில் யாரும் மயங்க வேண்டாம். வினாடிக்கு 24 சட்டகங்கள் 25 ஆக ஓடும்போது 170 நிமிடம் ஏறத்தாழ 163 நிமிடம் ஆகுமே தவிர, 138 ஆகாது. இதை எழுதி அனுப்பிய பிறகு, உறையைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

வாங்குமுன் வட்டின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். பொதியைப் பிரிக்கும்போது முத்திரை தெரியும்படி கைப்பேசியில் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்காததால்தான் என் வாதம் எடுபடவில்லை. விற்பனைப் பக்கத்தில் ‘170 நிமிடங்கள்’ என்றிருந்ததை மட்டும் நல்லவேளையாகப் படம் பிடித்து வைத்திருந்தேன். அதை இணைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 வழியாகப் புகார் பதிந்திருக்கிறேன். வட்டையும் பணம் கட்டிய சீட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.