பீரங்கி மட்டும்தான் பிரமாதம்: ஒரு கடற்போர் கேமில் ஏமாந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அரை மணி நேரம் ஆடிவிட்டுத் திட்ட வந்தவன் அல்ல நான். 61 மணி நேரம் ஆடியிருக்கிறேன். அதில் முதல் பத்து மணி நேரம் முடிந்த கையோடு, பார்த்தவர்களிடமெல்லாம் "கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்று சொல்லித் திரிந்தேன், என் பேச்சை நம்பி இரண்டு பேர் வாங்கியும் விட்டார்கள். அந்தக் குற்ற உணர்ச்சிதான் இந்தப் பதிவுக்குப் பாதிக் காரணம். கேமின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அதன் ரசிகர்களோடு மல்லுக்கட்டுவதிலேயே பொழுது போய்விடும்; தவிர, நான் மாட்டிக்கொண்ட விதம் இந்த வகை கேம் எதை வாங்கினாலும் நடக்கக் கூடியதுதான்.

இரண்டாம் உலகப் போர்க் கப்பல்கள், ஒரு படைப்பிரிவு உங்கள் பொறுப்பில், கீழே கடல் வரைபடம். பட்டனைத் தட்டிச் சுடுகிற ரகம் இல்லை. எந்தத் திசை, எவ்வளவு வேகம், யாரைக் குறிவைப்பது, டார்பிடோவை (தண்ணீருக்குள் ஓடிப் போய்க் கப்பலில் மோதி வெடிக்கும் ஆயுதம்) எப்போது விடுவது, புகைத்திரை எப்போது என்று உத்தரவு மட்டும்தான் நாம் கொடுப்போம். மற்றதைக் கப்பல்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். வேண்டும் என்றால் கேமராவை ஒரு கப்பலின் மேல்தளம் வரைக்கும் இறக்கலாம்.

நல்லதை மறைக்க மாட்டேன். பீரங்கிக் கணக்கை இவ்வளவு அக்கறையாகச் செய்த கேமை நான் பார்த்ததில்லை. 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கப்பலைச் சுட்டால் குண்டு போய் விழ அரை நிமிடம் ஆகும், அதற்குள் 30 நாட் (மணிக்குச் சுமார் 56 கிலோமீட்டர்) வேகத்தில் ஓடுகிற எதிரி கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர் நகர்ந்திருப்பான். அதனால் முதல் சால்வோ (பல பீரங்கிகள் சேர்ந்து ஒரே நேரத்தில் சுடுவது) தாண்டி விழும், அடுத்தது முன்னாலேயே விழும், மூன்றாவதில்தான் கப்பலுக்கு இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாய்த் தண்ணீர்த் தூண் எழும்பும், அந்த நொடியில் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவீர்கள். முதல் உலகப் போரின் 1916 ஜட்லாண்ட் கடற்சண்டையிலேயே பெரிய பீரங்கிகள் நூறு குண்டு சுட்டால் மூன்று பட்டாலே பெரிய விஷயம். 1940 ஜூலை 9 அன்று பிரிட்டனின் வார்ஸ்பைட் போர்க்கப்பல் இத்தாலியின் ஜூலியோ செசாரே போர்க்கப்பலைச் சுமார் 24 கிலோமீட்டர் தொலைவிலிருந்து அடித்ததை இன்றைக்கும் பேசுகிறோம் என்றால் அது அத்தனை அபூர்வம் என்பதால்தான். இந்த கேம் அந்த அபூர்வத்தைக் காப்பாற்றுகிறது. பத்து நிமிடம் எதுவும் படாது. பட்டால் கதை முடிந்தது.

கவசமும் அப்படித்தான். கிட்டத்தில் இருந்து சுட்டால் குண்டு படுக்கையாக வந்து பக்கவாட்டுக் கவசத்தில் மோதும், ரொம்பத் தள்ளி இருந்து சுட்டால் மேலிருந்து சரிந்து தளத்தில் இறங்கும். நடுவில் ஒரு தொலைவு இருக்கிறது, அங்கே நின்றால் இரண்டு கவசமும் தாங்கும். அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, எதிரி நம்மை அங்கிருந்து இழுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் ஆட்டமே. இன்னொன்று, கவசம் துளைக்கும் குண்டை மெல்லிய தகடு கொண்ட கப்பல் மேல் சுட்டால் அது வெடிக்காமல் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். 1944 அக்டோபரில் பிலிப்பைன்ஸின் சமர் தீவுக்கு அருகே ஜப்பானியக் குண்டுகளுக்கு நேர்ந்தது இதுதான். அதையும் வைத்திருக்கிறார்கள். இந்தப் பகுதியைச் செய்தவன் வேலை தெரிந்தவன், சந்தேகமே இல்லை.

சரி, பிறகு எங்கே ஏமாந்தேன்?

நான் வாங்கிய இணையக் கடையில் ரீஃபண்ட் (பணத்தைத் திரும்பப் பெறும்) விதி நேரடியானது. வாங்கி 14 நாளுக்குள் கேட்க வேண்டும், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருக்க வேண்டும். இந்த கேமில் டுடோரியலே 50 நிமிடம். அதைத் தாண்டிப் போக வழியில்லை, தவிர்க்கும் பட்டனே கிடையாது. அடுத்து முதல் சண்டை, 1941 மே 24, டென்மார்க் நீரிணை. பிரிட்டனின் ஹூட் போர்க்கப்பல் வெடித்து மூழ்கிய சண்டை, 1,418 பேரில் மூன்று பேர்தான் பிழைத்தார்கள். கேமில் அந்தக் காட்சி உடம்பைச் சிலிர்க்க வைக்கும். இரண்டாவது சண்டை பிலிப்பைன்ஸின் சுரிகாவோ நீரிணை, இருட்டில் ரேடாரை வைத்துச் சுடுவது, வரிசையாக வருகிற எதிரிக்குக் குறுக்கே நம் கப்பல்கள் நீள நிற்பது. அதுவும் அருமை. முடித்துவிட்டு நேரத்தைப் பார்த்தேன், 2 மணி 10 நிமிடம். அப்போது கவலைப்படவில்லை, யார் ரீஃபண்ட் கேட்கப் போகிறார்கள் என்ற நினைப்பு.

அந்த இரண்டு சண்டையும் முழுக்க முழுக்க முன்கூட்டியே எழுதி வைத்த நாடகம் என்பது கேம்பைன் (சண்டை சண்டையாகத் தொடர்ந்து ஓடும் முழுப் போர்) தொடங்கிய பிறகுதான் புரிந்தது. எதிரி எங்கே திரும்புவான், எந்த நிமிடத்தில் புகை விடுவான், எல்லாம் முடிவு செய்து வைத்தது. அவர்கள் அதை வேண்டுமென்றே ரீஃபண்ட் நேரத்துக்கு ஏற்ப அளந்து வைத்தார்களா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அளந்து வைத்த மாதிரியே இருக்கிறது.

கேம்பைன் பசிபிக்கின் சாலமன் தீவுகளில் நடக்கிறது. பெயரிலேயே தீவு இருக்கிறது, தீவுகளுக்கு நடுவே கப்பல் ஓட்டத் தெரியாத ஏஐ-யை (கப்பல்களைத் தானாக ஓட்டும் கேமின் மூளை) வைத்துக்கொண்டு அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு தைரியம் வேண்டும். என் கையில் அமெரிக்காவின் ஃப்ளெட்சர் வகை டெஸ்ட்ராயர்கள் நான்கு, அதாவது சின்ன, வேகமான போர்க்கப்பல்கள். வரிசையாகப் போய் ஒரு தீவைச் சுற்றி வலப்பக்கம் திரும்பச் சொன்னேன். முதல் கப்பல் ஒழுங்காகத் திரும்பியது. இரண்டாவது குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டது. மூன்றாவது இரண்டாவதின் பின்னால் முட்டி, நான்காவது பயந்துபோய் வட்டமடிக்க ஆரம்பித்தது. இரண்டாவது கப்பல் என்ன செய்கிறது என்று கேமராவை இறக்கிப் பார்த்தால், மூக்கு தென்னை மரத்துக்குள் இருக்கிறது, பின்னால் ப்ரொப்பெல்லர் நுரை கக்கிக்கொண்டு இருக்கிறது, வேகம் 32 நாட் என்று திரையில் காட்டுகிறது, மேல்தளத்தில் ஒரு மாலுமி பைனாகுலரைப் பிடித்துக்கொண்டு ஒரு சாண் தூரத்தில் இருக்கும் தென்னை ஓலையை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். தரை தட்டியதாகக் கூட கேம் ஒத்துக்கொள்ளவில்லை. சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை.

எதிரிக்கும் இதே நோய். அவனுடைய க்ரூசர்கள் (டெஸ்ட்ராயரை விடப் பெரிய போர்க்கப்பல்கள்) நான்கும் அடுத்த தீவின் மறைவில் ஒன்றை ஒன்று சுற்றி வந்துகொண்டிருந்தன. இருபது நிமிடம் இரண்டு படையும் அவரவர் தீவைக் காவல் காத்தோம். கடைசியில் நகராமல் கிடந்த க்ரூசர்களைப் பயிற்சி இலக்கு மாதிரி சுட்டு முடித்தேன். "மகத்தான வெற்றி" என்று திரை முழுக்க வந்தது.

"வரலாற்றுத் துல்லியம்" என்று ட்ரெய்லரில் இரண்டு தடவை சொல்கிறார்கள். பீரங்கியைத் தவிர வேறு எங்கேயும் அந்தத் துல்லியம் இல்லை. ஜப்பானின் 93-ஆம் வகை டார்பிடோ உண்மையிலேயே பயங்கரமானதுதான், தூய ஆக்சிஜனில் ஓடும், 40 கிலோமீட்டர் வரை போகும். ஆனால் அந்தத் தூரம் வேகத்தைக் குறைத்து வைத்தால்தான். முழு வேகத்தில், 48 நாட் சுமாருக்கு விட்டால், அதில் பாதித் தூரம்தான் போகும். கேமில் 40 கிலோமீட்டரும் முழு வேகத்தில் வருகிறது. நம் ஃப்ளெட்சர்கள் பத்து டார்பிடோக் குழாயையும் காலி செய்துவிட்டு மூன்று நிமிடத்தில் மறுபடி நிரப்பிக்கொள்கின்றன. அந்தக் கப்பல்களில் கடலில் வைத்து மறுபடி நிரப்ப உபரி டார்பிடோவே கிடையாது! இதெல்லாம் பொடி விஷயம் என்று தோன்றலாம். ஆனால் டார்பிடோவை எப்போது செலவழிப்பது என்ற ஒரே முடிவில்தான் டெஸ்ட்ராயர் சண்டையின் உயிர் இருக்கிறது. மூன்று நிமிடத்தில் திரும்பக் கிடைக்கும் என்றால் அந்த முடிவுக்கு என்ன மதிப்பு?

என்னை அதிகமாகக் கோபப்படுத்தியது சேதக் கட்டுப்பாட்டுத் திரை. அழகான குறுக்குவெட்டுப் படம், ஒவ்வொரு அறையிலும் தண்ணீர் ஏறுவது தெரியும், ஆட்களை எந்த அறைக்கு அனுப்புவது, எந்தப் பம்பை ஓட்டுவது, சாய்வைச் சரிசெய்ய எதிர்ப்பக்கம் எவ்வளவு தண்ணீர் விடுவது என்று நாமே முடிவு செய்யலாம். முப்பது மணி நேரம் இதில் மூழ்கிக் கிடந்தேன். பிறகு ஒரு நாள் சந்தேகம் வந்து, தனிச் சண்டை ஒன்றை ஒரே இடத்தில் சேவ் செய்து பத்து முறை லோட் செய்து பார்த்தேன். ஐந்து முறை ஆட்கள் எல்லோரையும் கொதிகலன் அறைக்கு அனுப்பினேன், ஐந்து முறை ஒருவரையும் அனுப்பவில்லை. பத்து முறையும் தண்ணீர் ஏறிய வேகம் ஒன்றுதான், கப்பல் மூழ்கிய நேரத்தில் சில நொடி வித்தியாசம். அதாவது அந்தத் திரை வெறும் பொம்மை. நான் முப்பது மணி நேரம் கம்பி இணைக்காத ஸ்விட்சைத் தட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

விமானந்தாங்கிக் கப்பல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எர்லி ஆக்சஸில் (வேலை முடியும் முன்பே கேமை விற்கும் கட்டம்) இருந்தபோது "வரப்போகிறவை" என்று ஒரு படம் போட்டிருந்தார்கள், அதில் விமானந்தாங்கிகள் இலவச அப்டேட்டில் வரும் என்று இருந்தது. முழுப் பதிப்பான 1.0 வந்த அன்றைக்கு அந்தப் படம் காணாமல் போனது. இரண்டு மாதம் கழித்து அதே விமானந்தாங்கிகள் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பகுதியாக (டிஎல்சி) வந்தன. அதுவரைக்கும் பசிபிக் போரில் விமானத் தாக்குதல் என்பது ஒரு சின்னப் பெட்டி: "எதிரி விமானங்கள் தாக்கின. 1 கப்பல் சேதம்." சரி என்று ஒரு பட்டன். அவ்வளவுதான். பழைய படத்தின் ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது, ஆனால் அதை வைத்து என்ன செய்வது, "திட்டங்கள் மாறக்கூடும்" என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

கடைசி அடி சேவ் ஃபைல். கேம்பைனில் நாமாக சேவ் செய்ய முடியாது. "முடிவுகளுக்குக் கனம் வேண்டும்" என்பதற்காகவாம். ஒரே ஒரு ஆட்டோசேவ், ஒவ்வொரு நாள் முடிவிலும் பழையதன் மேலேயே எழுதும். ஒரு இரவு ஆட்டோசேவ் எழுதிக்கொண்டிருக்கும்போதே கேம் நின்றுபோனது. திரும்பத் திறந்தால் "தொடர்க" பட்டன் மங்கிக் கிடக்கிறது. ஃபோல்டரில் போய்ப் பார்த்தேன், ஃபைல் அளவு 0 கேபி. 23 மணி நேர கேம்பைன். பழைய பிரதி என்று ஒன்றுகூட வைத்திருக்கவில்லை.

உதவி மையத்துக்கு எழுதினேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது: கிராஃபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்யவும். நின்றுபோன நேரத்தின் லாக் ஃபைலையும் அந்த 0 கேபி ஃபைலையும் இணைத்து மறுபடி எழுதினேன். "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு வரி, கோரிக்கை மூடப்பட்டது. மூன்றாவது முறை எழுதியதை "ஏற்கனவே பதிலளிக்கப்பட்டது" என்று மூடினார்கள். அப்புறம் கடையில் ரீஃபண்ட் கேட்டேன், நான்கு நிமிடத்தில் மறுப்பு வந்துவிட்டது. கடையைக் குறை சொல்ல மாட்டேன், விதி எழுத்தில் இருக்கிறது, நான்தான் 2 மணி நேரத்தைத் தாண்டினேன்.

ஆகவே இப்படி ஒரு கேமை வாங்குகிறீர்கள் என்றால் அந்த 2 மணி நேரத்தை அவர்கள் விருப்பத்துக்கு விடாதீர்கள், அது உங்கள் சோதனை நேரம். டுடோரியலைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள், தவிர்க்கவே விடவில்லை என்றால் அதுவே ஒரு அறிகுறி. கதைச் சண்டைகள் பக்கம் போகாமல் தனிச் சண்டைக்குப் போய், தீவுகள் நிறைந்த வரைபடத்தை எடுத்து, பக்கத்துக்குப் பத்துக் கப்பல் போட்டு, நேரத்தை வேகமாக்கிவிட்டு ஏஐ எப்படி ஓட்டுகிறது என்று மட்டும் பாருங்கள். சேவ் செய்து, முழுசாக வெளியே வந்து, மறுபடி லோட் செய்யுங்கள். மெனுவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், அந்த நேரமும் கணக்கில் ஏறும். ரிவ்யூ படிக்கும்போது 50 மணி நேரத்துக்கு மேல் ஆடியவர்கள் எழுதியதைத் தேடிப் படியுங்கள். பத்து மணி நேரத்தில் எழுதப்பட்ட ரிவ்யூ எல்லாம் என்னைப் போன்றவன் பீரங்கி மயக்கத்தில் எழுதியது. என்னுடையதும் அங்கே இருந்தது, நேற்றுத்தான் மாற்றினேன்.

திறந்த கடலில் தனிச் சண்டை மட்டும் போதும் என்றால் இதே கேம் உங்களுக்குப் பிடிக்கலாம், அதையும் சொல்ல வேண்டும். நானே போன வாரம் ஒரு தடவை திறந்து, தீவே இல்லாத வரைபடத்தில் நான்கு சால்வோ சுட்டுப் பார்த்துவிட்டு மூடினேன். தண்ணீர்த் தூண்கள் இன்னும் அழகாகத்தான் எழும்புகின்றன.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒன்று. ஒவ்வொரு முறை ஆடி முடித்ததும் சேவ் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து வேறு இடத்தில் வையுங்கள், அந்தக் காப்பியைத் திரும்பப் போட்டால் கேம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறது, சோதித்துவிட்டேன். ஃபோல்டர் எங்கே என்று தெரியாவிட்டால் கீழே கேளுங்கள், சொல்கிறேன்.