இனாண்டா சுற்றுலா: டூபேவுக்கு இன்னும் நேரம் கொடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து பக்கத்து இனாண்டாவுக்குக் கூட்டிப்போகும் அரைநாள் சுற்றுலாவில் நம்மவர்கள் பலர் காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்பைப் பார்த்து, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படித் திரும்பாதீர்கள். கொஞ்ச தூரத்திலேயே ஓஹ்லாங்கே பள்ளியும் அதை ஆரம்பித்த கறுப்பினத் தலைவர் ஜான் டூபேவின் கல்லறையும் இருக்கின்றன. நான் கொடுத்த காசு இந்த ஓர் இடத்துக்கே தகும்.

எங்களுக்கு வந்த கைடு இனாண்டாக்காரர், சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதையாகச் சொன்னார். டூபே 1871-ல் இங்கேதான் பிறந்தார். அமெரிக்கா போய் ஓபர்லினில் படித்து, டஸ்கீகியில் புக்கர் டி. வாஷிங்டன் நடத்திய பள்ளியால் ஈர்க்கப்பட்டு, படிப்போடு கைத்தொழிலும் சொல்லித்தரும் பள்ளியை ஊர் திரும்பி ஆரம்பித்தார், 1903-ல் 'இலாங்கா லசே நட்டால்' என்ற ஜூலு பத்திரிகை, 1912-ல் பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் ஆன அமைப்பின் முதல் தலைவர் பதவி, 1914-ல் கறுப்பர்களின் நில உரிமையைப் பறித்த 1913-ஆம் வருடச் சட்டத்துக்கு எதிராக முறையிட லண்டன் பயணம். அப்புறம் ஜூலு மன்னர் ஷாகாவின் பணியாளைப் பற்றி ஒரு நாவலும் எழுதினார், ஜூலுவில் அச்சான முதல் நாவல் அதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது, கைடு எதையும் பூசி மெழுகவில்லை. தமிழ்ப் பக்கங்களோடு வந்த காந்தியின் பத்திரிகை 'இந்தியன் ஒப்பீனியன்' தொடங்கியதும் அதே 1903-தான், 1905-ல் டூபேவின் ஒரு பேச்சைப் பாராட்டி காந்தி அதில் எழுதினார். ஆனால் டூபேவின் பத்திரிகை இந்திய வியாபாரிகளைக் கடுமையாகத் தாக்கியதும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொன்னார். நம் வீட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் கேட்க வேண்டும்.

டூபேவின் மனைவி நோகுடெலா பற்றியும் கேளுங்கள். பள்ளியைக் கணவரோடு சேர்ந்து கட்டி எழுப்பியவர், பாட்டு சொல்லிக்கொடுத்தவர். 1917-ல் ஜோகன்னஸ்பர்க்கில் இறந்தார், அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல் வைத்ததே 2013-ல். நாங்களாகக் கேட்டிருக்காவிட்டால் இது எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும், அது பெரிய குறை.

இன்னொரு குறை நேரம். 1994-ல் மண்டேலா தன் முதல் ஓட்டைப் போட்ட பள்ளி இது, அன்று டூபேவின் கல்லறைக்குப் போய் நாடு விடுதலை அடைந்துவிட்டது என்று அவரிடமே சொன்னார். அந்த இடத்தில் கால் மணி நேரம்கூட நிற்க விடாமல் வண்டியில் ஏறச் சொன்னால் மனசு ஆறவில்லை.

முன்பதிவு செய்யும்போதே ஓஹ்லாங்கேவுக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், முடிந்தால் காலையில் முதலில் அங்கேயே போகச் சொல்லுங்கள். உள்ளூர் கைடு இல்லாமல் போக வேண்டாம். தண்ணீரும் தொப்பியும் அவசியம்.