உப்புக்காற்றில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: சரிசெய்ததும், ஓட்டிக்கொண்டிருப்பதும்

பழைய காரை வீட்டில் வைத்துச் சரிசெய்வது பற்றிப் படிக்கக் கிடைப்பதில் பெரும்பகுதி இங்கிலாந்துக்காரர்கள் எழுதியது. அங்கே குளிர்காலத்தில் மட்டும் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள், மற்ற மாதங்களில் வண்டியைத் துடைத்து வைத்தால் போதும். ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் அந்த வசதி கிடையாது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் சில கிலோமீட்டர் மணல். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடித்தால் தெற்குக் கடல், வாடை திரும்பினால் வடக்குக் கடல், ஆக வருஷம் பூராவும் ஏதோ ஒரு கடல் வண்டிமேல் படிந்துகொண்டே இருக்கும். 2017-ல் வாங்கி, 2020 கடைசியில் சாலையில் இறக்கி, இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டை வைத்துச் சொல்கிறேன்: இங்கே பெயின்ட் உங்களைக் காப்பாற்றாது. நல்ல தண்ணீரும் காற்றோட்டமும்தான் காப்பாற்றும்.

இது ஸ்போர்ட்ஸ் காரா என்று கேட்பவர்கள் உண்டு. 948 சிசி, சுமார் 35 குதிரைத்திறன், அதை வைத்துக் கேட்டால் கேட்க வேண்டியதுதான். ஆனால் 1962-ல் இங்கிலாந்தின் டிரையம்ப் கம்பெனி கொண்டுவந்த ஸ்பிட்ஃபயர் என்கிற இரண்டு சீட்டு வண்டியின் அடிச்சட்டம் இந்த ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கிச் செய்ததுதான். இரண்டையும் வரைந்தவர் ஒருவரே, இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலோட்டி. 1959-ல் இங்கிலாந்தில் வந்த ஹெரால்டை 1961 முதல் சென்னையில், வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் செய்தார்கள். ஆக இது நம்ம ஊர் வண்டியும்கூட.

வீட்டில் வைத்துச் செய்ய இதைவிடத் தோதான கார் குறைவு, அதற்கு ஒரு பழைய வியாபாரக் கதை காரணம். 1950-களில் உலகமே சேசிஸ் இல்லாத ஒரே கூடாகக் கார் செய்யத் தொடங்கியிருந்தது. ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்ட்-டிரையம்புக்குப் பாடி அடித்துக் கொடுத்த கம்பெனியைப் போட்டியாளரான பிஎம்சி வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் தனி சேசிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாக போல்ட்டில் மாட்டும்படி வடிவமைத்தார்கள். அவர்களுடைய அந்த நெருக்கடி எனக்கு லாபமாகிவிட்டது: முன்பக்கம் முழுதும் பானட்டோடு சாய்ந்து திறக்கும், கழற்றினால் இரண்டு பேர் தூக்கிவிடலாம். மீதிப் பாடி இரண்டு பாகமாகப் பிரிந்து வரும். கிரேன் எதுவும் வேண்டாம், பக்கத்து வீட்டுப் பையன்கள் நாலு பேர் போதும்.

வண்டி கிடைத்தது கீழக்கரையில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில், தார்ப்பாய் போர்த்தியபடி. போர்த்தி வைத்திருந்ததால் நன்றாக இருக்கும் என்றுதான் அந்த வீட்டு அண்ணனும் (அங்கே காக்கா என்பார்கள்) நம்பியிருந்தார். மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உப்புக்கு ஒரு குணம் உண்டு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே அது தானாக ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். நம் கரையில் ராத்திரி ஈரம் அதற்கு மேல் போவது சர்வசாதாரணம். தார்ப்பாய்க்கு அடியில் அந்த ஈரம் பகலிலும் காயாது. தரை ஷீட் இத்துப்போய் விரலால் குத்தினால் உள்ளே போனது, சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், அவுட்ரிகர் என்பார்களே, அவை தகட்டுப் பொடியாக நின்றன. நடு சேசிஸ் மட்டும் தப்பியிருந்தது, பழைய இன்ஜின் கசியவிட்ட ஆயிலின் புண்ணியம்.

வெட்டி ஒட்டும் வேலைக்கு ராமநாதபுரம் கரை நல்ல இடம், இதைச் சொன்னால் சென்னைக்காரர்கள் நம்புவதில்லை. கார் மெக்கானிக் குறைவுதான், ஆனால் படகு இருக்கும் ஊரில் லேத் இருக்கும், வெல்டிங் இருக்கும், ஃபைபர் வேலை தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் இருப்பார். மண்டபத்தில் விசைப்படகுக்கு ஷாஃப்ட் கடையும் ஒரு அண்ணன்தான் எனக்கு புஷ், ஸ்பேசர் எல்லாம் கடைந்து கொடுத்தார். சின்ன மிக் வெல்டிங் மெஷின் ஒன்று நானே வாங்கினேன். ஒரு விஷயம் இங்கே முக்கியம்: காற்று கிளம்பிவிட்டால் மிக் வெல்டிங் செய்ய முடியாது, ஒட்டைக் காக்க மெஷினிலிருந்து வரும் மூடுவாயு பறந்துபோய் ஒட்டு முழுக்கப் பொத்தல் விழும். அதனால் விடிகாலையில் காற்று எழும்புவதற்கு முன் ஒட்டிவிட வேண்டும், ஒட்டிய இடத்தைக் கிரைண்டர் போட்டால் அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். பளபளவென்று விட்டுவைத்த இரும்பு மறுநாள் காலை செம்பட்டை பூத்திருக்கும்.

இனி துரு மருந்துகள். பாஸ்பாரிக் அமிலம் உள்ள ரஸ்ட் கன்வெர்ட்டரை எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள். டிக்கிக்கு அடியில் இருக்கும் இடது அவுட்ரிகரில் துருவைச் சுரண்டிவிட்டு அதை மட்டும் பூசினேன். வலது அவுட்ரிகரை முதலில் நல்ல தண்ணீரைச் சுடவைத்துப் பிரஷ் போட்டுப் பலமுறை கழுவி, காயவைத்து, அப்புறம் பூசினேன். வேண்டுமென்றே செய்த சோதனைதான். இரண்டுக்கும் மேலே ஒரே எபாக்ஸி பிரைமர், ஒரே பெயின்ட். இரண்டாவது கச்சானுக்குள் இடது பக்கம் கொப்புளம் விட்டது, வலது பக்கம் இன்றுவரை சுத்தம். துருவை அமிலம் மாற்றும், துருவின் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் உப்பை அது ஒன்றும் செய்யாது. உப்பு போய்விட்டதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. கழுவிய இடத்தைக் கடைசியாக பேட்டரித் தண்ணீரால் (ஆசிட் அல்ல, டிஸ்டில்டு வாட்டர்) அலசி, அந்தத் தண்ணீரைப் பிடித்து அதில் சில்வர் நைட்ரேட் கரைசல் ஒரு சொட்டு விட வேண்டும். பால்போலக் கலங்கினால் உப்பு இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவு.

கறுப்பு ரப்பர் கோட்டிங் வேண்டவே வேண்டாம். நண்பர் ஒருவரின் ஜீப்புக்கு ஒரு பட்டறையில் பணம் வாங்கிக்கொண்டு அடித்துக் கொடுத்தார்கள், ஓரம் பிரிந்து உள்ளே ஈரம் போய், வெளியே ரப்பர் அழகாக நிற்க உள்ளே தகடு காணாமல் போயிருந்தது. நான் அடியில் போடுவது மெழுகு. சேசிஸ் பெட்டிகளுக்குள் நீளக் குழாய் வைத்து அடிக்கும் கேவிட்டி வாக்ஸ் முதல் தடவை வெளிநாட்டுச் சரக்கு, விலை அதிகம். இப்போது பாரஃபின் மெழுகை உருக்கி இன்ஜின் ஆயிலும் கொஞ்சம் டர்பென்டைனும் கலந்து நானே செய்கிறேன். டர்பென்டைனை அடுப்பை அணைத்த பிறகு, தூரத்தில் வைத்துத்தான் ஊற்ற வேண்டும், விளையாட்டில்லை. இது காய்ந்து இறுகாது, பிசுபிசுவென்று இருக்கும், கீறல் விழுந்தால் வெயிலில் தானே இளகி மூடிக்கொள்ளும். வருஷா வருஷம் கச்சானுக்கு முன்னால் ஒரு பூச்சு.

பாம்பன் பெரியவர் ஒருவர் "மீன் எண்ணெய் பூசுங்க தம்பி, மரத்துக்கே அதைத்தான் பூசினோம்" என்றார். சிரிக்க வேண்டியதில்லை. ரஸ்ட்-ஓலியம் என்கிற துருத்தடுப்புப் பெயின்ட் கம்பெனி 1921-ல் தொடங்கியதே, கப்பல் தளத்தில் சிந்திய மீன் எண்ணெய் துருவை நிறுத்தியதைப் பார்த்த ஒரு கப்பல் கேப்டனால்தான். பின் சக்கரத்துக்கு மேலே ஒரு அடி இடத்தில் பூசிப் பார்த்தேன், நன்றாகவே வேலை செய்தது. தெருவில் உள்ள பூனையெல்லாம் வண்டிக்கு அடியில் குடிவந்ததால் விட்டுவிட்டேன்.

படகில் துத்தநாகக் கட்டி மாட்டுவதைப் பார்த்து, காரிலும் மாட்டலாமே என்று கேட்பவர்களுக்கு: வேலை செய்யாது. படகின் அடிப்பகுதி கடல்நீரில் மூழ்கியிருப்பதால் துத்தநாகத்துக்கும் இரும்புக்கும் நடுவே மின்னோட்டம் ஓடுகிறது, அதனால் துத்தநாகம் தன்னைக் கரைத்து இரும்பைக் காக்கிறது. கார் காற்றில் நிற்கிறது. ஜிங்க் பிரைமர் வேண்டுமானால் அடியுங்கள், அது தகட்டோடு ஒட்டியிருப்பதால் பலன் உண்டு.

கழுவும் தண்ணீர்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். எங்கள் போர் தண்ணீர் உவர், அதில் கழுவுவதும் கடலில் இறக்கிக் கழுவுவதும் ஒன்று. மழைத் தண்ணீரை மாடியிலிருந்து டிரம்மில் பிடித்து வைத்துக்கொள்கிறேன், தீர்ந்தால் குடம் கணக்கில் விலைத் தண்ணீர். வீட்டில் இதற்காக வாங்கும் திட்டு தனிக் கணக்கு. தனுஷ்கோடிப் பக்கம் போய்விட்டு வந்தால் மேலே கழுவாவிட்டாலும் பரவாயில்லை, அடியில் கட்டாயம் கழுவ வேண்டும். கதவுக்கும், அதற்குக் கீழே நீளமாக ஓடும் சில் என்கிற பெட்டிக்கும் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளைக் குச்சிவிட்டுத் திறந்து வைக்க வேண்டும். நிறுத்துவது பனை ஓலைக் கொட்டகையில், பக்கம் அடைக்காமல். தகரக் கொட்டகையில் விடியற்காலை கூரையிலிருந்து வேர்த்துச் சொட்டும், ஓலையில் அது இல்லை. அணில் வந்து ஒயரைக் கடிக்கும், அதற்கு என்னிடம் வழி இல்லை.

ஹெரால்டோ ஸ்பிட்ஃபயரோ வைத்திருப்பவர்கள் இதை மட்டுமாவது படியுங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் கீழ்முனை மரைபோட்டு ஒரு பித்தளைத் துண்டுக்குள் திருகி நிற்கிறது, டிரன்னியன் என்று பெயர். ஸ்டியரிங் திருப்பும்போது அந்த மரையிலேயே சுழல்கிறது. அதற்குள் போட வேண்டியது கியர் ஆயில், இபி 90. நம் மெக்கானிக்குகள் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரைக்குள் முழுதாக ஏறாது, நாளடைவில் இறுகிப்போகும், மேலிருந்து இறங்கும் தண்ணீர் இரும்பு மரையை அரிக்கும், ஒருநாள் திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். என் வண்டியில் கழற்றிப் பார்த்தபோது ஒரு பக்கத் தண்டு மரைக்கு மேலே பென்சில் சீவியதுபோல இளைத்திருந்தது. தண்டும் டிரன்னியனும் இங்கிலாந்திலிருந்துதான் வந்தன. மொத்தச் செலவில் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாத இடம் இதுதான். இப்போது கிரீஸ் கன்னில் ஆயிலையே ஊற்றி, ஓரத்தில் கசியும்வரை அடிக்கிறேன், மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி.

இன்ஜின் எளிது. யாரோ ரேடியேட்டரில் உவர்த் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருந்ததால் நாலாவது சிலிண்டரைச் சுற்றிச் சேறும் காரையும் கெட்டியாக அடைத்திருந்தது. பிளாக்கில் ஓட்டைகளை மூடியிருக்கும் தகட்டு மூடிகளை, வெல்ஷ் பிளக் என்பார்கள், தட்டி எடுத்துக் கம்பிவிட்டுக் குடைந்தோம். அதன்பின் கூலன்ட்டும் பேட்டரித் தண்ணீரும் மட்டும்தான், மே மாதத்திலும் டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டுவதில்லை. பெட்ரோல்தான் புதுத் தலைவலி. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் ஊதவைத்துவிடுகிறது, நிறுத்தி வைத்தால் ஈரத்தையும் இழுக்கிறது. எத்தனால் தாங்கும் விட்டான் ஹோஸ் போட்டேன், டாங்க்கை நிறைத்தே வைக்கிறேன். ஒயரிங் முழுதும் படகுக்குப் போடும் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர். அதன்பிறகு லைட் மினுக்குவதும் எர்த் விட்டுப்போவதும் நின்றுவிட்டன, பச்சைக் களிம்பு என்ற பேச்சே இல்லை. பெயின்ட், சீட் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, பணம் கொடுத்தால் நடக்கும் வேலை.

ஓட்ட எப்படி? 60 கிலோமீட்டர் வேகத்தில் சந்தோஷமாகப் போகும், 80-க்கு மேல் அதற்கும் கஷ்டம் நமக்கும் கஷ்டம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், கீழக்கரைச் சந்துகளில் ஆட்டோக்காரர்களே நின்று பார்க்கிறார்கள். பின் அச்சு இரண்டு பக்கமும் தனித்தனியே ஆடும் வகை. வளைவுக்குள் வேகமாகப் போய்ப் பாதியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்சக்கரம் உள்ளே மடங்கி வால் வீசும், அதனால் வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிட வேண்டும். பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கக்காற்றுக்கு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கிறது, நடுப்பாலத்தில் காரை நிறுத்திச் செல்ஃபி எடுப்பவர்களுக்காக நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டியை நிறுத்துவது தனி அனுபவம்.

50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு உண்டு, 20,000 ரூபாய் கட்டினால் 10 வருஷத்துக்கு விஏ எழுத்தோடு நம்பர் தருவார்கள். ஆனால் அதை வாங்கினால் அன்றாட வேலைக்கு ஓட்டக்கூடாது, கண்காட்சி, பேரணி என்று மட்டும்தான். சந்தைக்குப் போகாத கார் எனக்கு எதற்கு? சாதாரண ஆர்சியைத்தான் எஃப்சி காட்டிப் புதுப்பித்துக்கொண்டேன், அது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை.

செலவு வண்டி வாங்கிய விலையைப்போல நாலு மடங்கைத் தாண்டிவிட்டது, விற்றால் அது திரும்பாது. இடது பக்க டிக்கி அவுட்ரிகரை இந்த வாடைக்குள் வெட்டி மறுபடி செய்ய வேண்டும். அவுட்ரிகர்களுக்கும் தரை ஷீட்டுக்கும் அளவெடுத்து வெட்டிய அட்டைகள் பரணில் இருக்கின்றன, ஹெரால்டு வைத்திருக்கும் யாருக்காவது வேண்டுமானால் படியெடுத்துத் தருகிறேன். தகடு 2 மில்லிமீட்டர் போடுங்கள், அதற்குக் குறைவாக வேண்டாம்.