ரேங்ளரில் ஹை-லிஃப்ட் ஜாக்: பின்கதவா, பம்பரா, போனட்டா?

அமெரிக்காவின் மோவாப் பாறைத் தடங்களில் ஏறும் ஜீப் ரேங்ளர்களின் ஸ்டெப்னிக்குக் குறுக்கே ஒரு நீண்ட இரும்புச் சட்டம் மாட்டியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். இண்டியானா மாநிலத்தின் புளூம்ஃபீல்டில் பிறந்த ஹை-லிஃப்ட் ஜாக் அது. 48 அங்குல ஜாக்கே ஏறத்தாழ 13 கிலோ இருக்கும். இரண்டு டன்னுக்குச் சற்று மேல் தூக்கும். இதை எங்கே மாட்டுவது என்பதில் ஆளுக்கொரு கட்சி.

பெரும்பாலோர் முதலில் தேர்ந்தெடுப்பது பின்கதவின் ஸ்டெப்னித் தாங்கியைத்தான். பிராக்கெட் மலிவு, துளை போட வேண்டியதில்லை, ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஸ்டெப்னியைக் கழற்றும்போது ஜாக் வழிமறிக்கும் என்று சிலர் குறைசொல்வார்கள். டயர் மாற்ற இறங்குகிறவருக்கு முதலில் வேண்டியதே ஜாக்தானே!

உண்மையான சிக்கல் கீலில் இருக்கிறது. ரேங்ளரின் பின்கதவு ஒரு பக்கக் கீலில் திறப்பது. 35 அங்குல டயரும் அதன் வீலும் சேர்ந்தாலே 45 கிலோவை நெருங்கும். அதற்கும் வெளியே, கதவிலிருந்து ஒரு அடிக்கு மேல் தள்ளி ஜாக் தொங்குகிறது. எடை தள்ளிப் போகப் போகக் கீலின் மேல் முறுக்கும் கூடும். நிற்கும் வண்டியில் இது தெரியாது. அலையலையாக மேடுபள்ளம் விழுந்த மண்சாலையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த எடை கதவை அடிக்கும். முதலில் கடகடவென்று சத்தம் வரும். பிறகு கதவு தொங்கி, பூட்டு சரியாகப் பொருந்தாமல் போகும். ஜேகே வகையில் (2018 வரை வந்த முந்தைய தலைமுறை ரேங்ளர்) பெரிய டயர் போடுகிறவர்கள் வலுவூட்டிய கீல் வாங்குவது இதனால்தான். அதற்கு அடுத்த தலைமுறையான ஜேஎல் வகையில் கதவின் உட்சட்டம் இரும்பல்ல, எடை குறைந்த மெக்னீசியம். அதில் ரிவர்ஸ் கேமராவும் ஸ்டெப்னியின் நடுவில் இருப்பதால், அதை மறைக்காத பிராக்கெட்டாகத் தேட வேண்டும்.

பம்பரோடு சேர்ந்த தனித் தாங்கி இந்தத் தொல்லையைத் தீர்த்துவிடுகிறது. டயர், ஜாக் இரண்டின் பாரமும் கதவை விட்டு வண்டியின் சட்டகத்துக்குப் போய்விடும். ஆனால் விலை பல மடங்கு. இரும்பின் எடை வேறு பின் ஸ்பிரிங்கை அழுத்தும். பல வடிவமைப்புகளில் பால் பாக்கெட் எடுக்கக்கூட முதலில் தாங்கியைத் திறந்து, பிறகு கதவைத் திறக்க வேண்டும்.

போனட் ஓரத்தில், முன்கண்ணாடிக் கீல் போல்ட்டுகளில் பிடிக்கும் பிராக்கெட்டுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. பின்புறம் சேற்றில் புதைந்தாலும் ஜாக் கைக்கு எட்டும். ஆனால் ஓட்டுநரின் பார்வையில் நாள் முழுக்க ஒரு கம்பி நிற்கும். எனக்கு அது ஒத்துவராது. கூரையில் வைத்தால் வண்டியின் ஈர்ப்பு மையம் உயரும், இறக்குவதும் பாடு. வண்டிக்குள்ளே வைத்தால் துருவும் திருட்டும் அண்டாது. ஆனால் இறுகக் கட்டாவிட்டால், வண்டி கவிழ்ந்து உருளும்போது அந்த 13 கிலோ பறந்து வரும்.

தொழிற்சாலை அளவு டயரென்றால் பின்கதவே போதும் என்பேன். ஜாக்கை டயரோடு ஒட்டினாற்போல் மாட்டி, இடையில் ரப்பர் வைத்தால் சரி. 35 அங்குலமும் அதற்கு மேலும் என்றால் பம்பர் தாங்கிக்குச் செலவழிப்பதே நியாயம். வெளியே எங்கு மாட்டினாலும், ஏறும் ஊசிகள் (சட்டத்தின் துளைகளில் மாறி மாறிப் பிடித்து ஜாக்கை மேலேற்றுபவை) இருக்கும் பகுதிக்கு உறை போடுங்கள். தூசி ஏறிய ஊசி பாரத்தின் கீழ் சிக்கினால் கைப்பிடி துள்ளித் தாடையைப் பெயர்த்துவிடும். கெட்டி கிரீஸ் தடவாதீர்கள், அது தூசியைப் பிடித்துவைக்கும்.

பிராக்கெட் வாங்கும் முன் பம்பரையும் தட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் பம்பரில் இந்த ஜாக்கின் நாக்கை, அதாவது வண்டியைத் தாங்கித் தூக்கும் முனையை, வைக்க முடியாது. இரும்பு பம்பரோ கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுத் தடுப்புக் குழாயோ இல்லாத வண்டிக்கு, சக்கரத்தையே கொக்கி போட்டுத் தூக்கும் துணைக்கருவியையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கும்.