5 டிகிரியில் சோலார் பேனல் வைத்துப் பட்ட பாடு

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் வீடு, பின்வேலியைத் தாண்டினால் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம்தான். போர்ச்சின் கான்கிரீட் தளத்தில் ஆறு சோலார் பேனல் போட்டு நான்கு வருடம் ஆகிறது. அப்போது பார்த்த யூடியூப் வீடியோ எல்லாம் தமிழ்நாட்டுக்காரர்கள் போட்டது. அட்சரேகை எவ்வளவோ சாய்வும் அவ்வளவு, சென்னைக்கு 13 டிகிரி, தெற்குப் பார்த்து வை என்றார்கள். நம் ஊர் 4.8தான். சரி, 5 டிகிரி என்று முடிவு பண்ணிவிட்டேன். பொருத்த வந்த பையன் “பத்து டிகிரியாவது வைங்கண்ணே, இல்லன்னா தண்ணி நிக்கும்” என்றான். நான்தான் மேதாவியாச்சே, கேட்கவில்லை.

கணக்கு தப்பில்லை. இங்கே ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் 10 வாக்கிலும் நடுப்பகல் வெயில் உச்சந்தலையில் இறங்கும். ஜூனில் சூரியன் 18 டிகிரிக்கு மேல் வடக்கே போய்விடும், டிசம்பரில் 28 டிகிரி தெற்கே. தெற்கே 5 டிகிரி என்பது சரியாக நடு. மாட்டிக்கொண்டது அழுக்கில். செம்பனை லாரி கிளப்பும் செம்மண் தூசி பேனலில் படியும், சாயங்கால மழை அதைக் கீழ் ஓரத்துக்குத் தள்ளும், அலுமினியச் சட்டத்தின் விளிம்பு தாண்டவிடாது. காய்ந்தால் விரல் அகலத்துக்கு வேட்டிக் கரை மாதிரி செம்மண், அப்புறம் அதன் மேல் பாசி. என்னுடையது மாதிரி குட்டைப் பக்கம் கீழே வரும்படி நீளவாக்கில் வைத்த பேனலில் கீழ்வரிசை மறைந்தால் மொத்த உற்பத்தியும் அடிவாங்கும். இது தெரியாமல் இன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்று ஆள் கூப்பிட்டு 150 வெள்ளி (ரிங்கிட்) அழுதேன். அவர் ஏணியில் ஏறி நகத்தால் சுரண்டிக் காட்டிவிட்டு இறங்கினார்.

வடக்கு ஓரத்தை முக்கால் சாண் உயர்த்தினேன், 10 டிகிரி வந்தது. கணக்குப்படி வருட இழப்பு நூற்றில் ஒன்றுகூட இல்லை, கழுவும் வேலையை மழையே பார்த்துக்கொள்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விடியற்காலையில் நான் ஸ்பாஞ்சு போடுவதோடு சரி. (கொதிக்கிற கண்ணாடியில் பச்சைத்தண்ணீர் ஊற்றாதீர்கள்.) இன்னும் தூக்கினால் ஜூனில் அடிபடும், புயல்மழைக் காற்றும் அடியில் புகும். தகரக் கூரைக்காரர்கள் கூரைச் சாய்வையே வைத்துக்கொள்ளலாம், அடியில் காற்றோட்டத்துக்கு மட்டும் இடம் விடுங்கள், சூடேறினால் உற்பத்தி குறையும்.

திரும்பப் போடுவதென்றால் டிகிரிக்கு மண்டையை உடைக்கமாட்டேன், திசையைத்தான் பார்ப்பேன். இங்கே மத்தியானத்துக்கு மேல் மேகம் கட்டிவிடுகிறது. மச்சான் வீட்டில் பாதி கிழக்கு, பாதி மேற்கு; மேற்குப் பக்கம் சூடுபிடிக்கும் நேரத்தில் இடி இடிக்கும். அதனால் கிழக்குச் சாய்வு கிடைத்தால் விடாதீர்கள்.

என் வீட்டில் இப்போது மேற்கே பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரம் வளர்ந்து நாலு மணிக்கே நிழல் விழுகிறது. வருடாவருடம் பழம் கொடுத்தனுப்புகிறவர்களிடம் கிளையை வெட்டச் சொல்ல வாய் வரவில்லை.