செயலியில் ஓராண்டு, சுவர்க் காலண்டரில் ஈராண்டு

காலை நடையையும், இரவில் அன்றைய செலவுக் கணக்கை எழுதுவதையும் வழக்கமாக்கிக்கொள்ள மூன்று ஆண்டுகளாக முயன்று வருகிறேன். முதல் ஆண்டு கைப்பேசிச் செயலி ஒன்றையும், அதன் பிறகு சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரையும் பயன்படுத்தினேன்.

செயலி, இடைவிடாமல் செய்த நாள்களை எண்ணிக் காட்டும். அந்த எண் வளர்வதைப் பார்க்கும் ஆசைதான் முதல் சில வாரங்கள் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் 41 நாள் முடிந்த நிலையில், உறவினர் திருமணத்துக்காக வெளியூர் சென்றதில் ஒரு நாள் நடை தவறியது. மறுநாள் திரையில் பூஜ்யம். அந்த எரிச்சலில் இரண்டு வாரத்துக்கு மேல் காலணியைத் தொடவே இல்லை. தவறிய நாளைக் கணக்கில் சேர்க்காமல் விடும் வசதியும் இருந்தது. அதற்குத் தனிச் சந்தா கேட்டார்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் பிலிப்பா லாலி குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் பின்னர்தான் படித்தேன். 96 பேரை 12 வாரம் கவனித்த அவர்கள், ஒரு செயல் தானாக நிகழும் நிலைக்கு வர 66 நாள் அளவில் ஆகிறது என்றும், ஆளையும் செயலையும் பொறுத்து அது 18 முதல் 254 நாள் வரை வேறுபடலாம் என்றும் கணித்தார்கள். இடையில் ஒரு நாள் தவறுவது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை என்பதும் அதில் இருந்தது.

காலண்டருக்கு மாறியபோது ஆறு மணி அலாரத்தையும் நிறுத்திவிட்டு, காபி ஃபில்டரில் வெந்நீர் ஊற்றியதும் காலணி அணிவது என்று வைத்துக்கொண்டேன். பூங்காவை நான்கு சுற்றுச் சுற்றித் திரும்பும்போது டிகாக்‌ஷன் இறங்கியிருக்கும். 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வதன் பலனை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலேயே எழுதியிருக்கிறார். அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்கலாம். ஊற்றிய வெந்நீரை என்ன செய்வது?

நடந்த நாளைப் பேனாவால் வட்டமிடுவேன், அவ்வளவுதான். சென்ற ஆண்டின் தாள்களைப் புரட்டி எண்ணியபோது 291 வட்டங்கள் இருந்தன. தொடர்ச்சியாக 30 நாள் அமைந்த இடம் ஒன்றுகூட இல்லை. செயலியாக இருந்தால் ஆண்டு முழுவதும் என்னைத் தோற்றவனாகவே காட்டியிருக்கும்.

இரவுக் கணக்கு மட்டும் இரண்டிலும் கைகூடவில்லை. சில நாள் ஒன்பது மணிக்கே உறக்கம், சில நாள் பன்னிரண்டு. அதைக் கட்டிப்போட நிலையான முளை எதுவும் அந்த வேளையில் எனக்கு இல்லை. இப்போது முந்தைய நாள் செலவைக் காலைக் காபியோடு எழுதிப் பார்க்கிறேன். மூன்று வாரம் ஆகிறது.